ஒன்பதாவது கேசட்

அத்தியாயம் 14

ஜோஷ்வா விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் தோசை கருகியது. ஞானசெல்வி கவனிக்கவில்லை. இந்த வீட்டில் குக்கரைத் தவிர வேறு எதுவும் விசில் அடித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் சென்னையிலிருந்து அந்தப் போன் வந்ததிலிருந்தே மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. மீசைக்கு மை பூசினார். தன் பெயிண்ட் கடையில் வெள்ளைப் பெயிண்ட் கேட்டு வந்தவருக்கு டர்பன்டைனைக் கொடுத்து அனுப்பினார். ஐம்பத்தாறு வயசில் இப்படியொரு ஆட்டமா என்று திருவேங்கடம் ரோட்டில் கேலி பேசாத கடைக்காரர் கிடையாது.

எல்லாம் ‘தூரகிரி’ செய்கிற வேலை. சனி கிரகத்துக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளி நிலையம், அதில் பதினொரு பேர், அவர்களுக்குத் தலைவியாகக் கேப்டன் இளவேனில். அட்டையிலும் ஜிகினாத் தாளிலும் செய்த ராக்கெட். ஒரு தனியார் சேனலில் நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமை ஓடி, கதை முடியாமலே நின்றுபோன தொடர். நின்றபோது கவலைப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கோ ஊருக்கு ஊர் ரசிகர்கள், அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. ‘தூரகிரி சினிமாவாகிறது’ என்று அறிவிப்பு வந்த அன்று கோவில்பட்டியில் ஒருத்தர் வேண்டுதல் என்று மொட்டையே போட்டுக்கொண்டார்.

படம் தொடங்குவது கடைசி எபிசோடு நின்ற இடத்தில். அந்தப் பழைய காட்சியையே முதல் மூன்று நிமிஷம் ஓட்டப் போகிறார்களாம். ஆனால் சேனலை இழுத்து மூடியாகிவிட்டது, டேப்புகளை மழை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மற்ற எபிசோடுகள் எப்படியோ தேறிவிட்டன. நாற்பத்தொன்றாவது மட்டும் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது.

அவரிடம் இருந்ததற்குக் காரணம் சர்ச். தொடர் வந்தது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. மற்ற ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள், பதிவு செய்யும் தேவை அவர்களுக்கு இல்லை. ஜோஷ்வா அந்த நேரத்தில் ஆராதனையில் இல்லையென்றால் அவர் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். ஆகவே வி.சி.ஆரில் நேரம் குறித்துவிட்டுப் போவார். மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, மூத்தவள் ஜெஸ்லினை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். அப்படிச் சேர்ந்தவை ஒன்பது கேசட். குழுவில் அவர் பெயர் ‘நாப்பத்தொண்ணு அண்ணாச்சி’.

இன்று சாயங்காலம் நான்கு மணிக்குப் படத்தின் உதவி இயக்குநர் வருகிறாள். கேசட்டை வாங்கிக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்விடுவாள்.

அந்தக் கேசட்டில் ‘தூரகிரி’ இல்லை. அது ஞானசெல்விக்கு மட்டும் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்ச்சில் பிள்ளைகளின் ஓய்வுநாள் பாடசாலை ஆண்டு விழா. ஏழு வயசு ஜெஸ்லின் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். விழாவைப் படம் பிடித்த வீடியோக்காரன், காப்பி வேண்டும் என்றால் கேசட் கொண்டுவரச் சொன்னான். ஜோஷ்வா சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். எட்டு கேசட்டும் ஐந்தைந்து எபிசோடாக நிரம்பியிருந்தன. ஒன்பதாவதில் அரை மணி நேரம்தான், மீதியெல்லாம் காலி.

அழிந்துபோகக் கூடாது என்று அதன் ஓரத்திலிருந்த சின்னப் பிளாஸ்டிக் பூட்டை ஜோஷ்வா உடைத்து வைத்திருந்தார். அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் பதிவாகாது. “அந்தக் குழி மேல செல்லோ டேப்ப ஒட்டிருங்கக்கா, ஏறிரும்” என்றான் வீடியோக்காரன். ஒட்டினாள். “ஏற்கெனவே ஒண்ணு இருக்கு தம்பி, அதுக்குப் பொறவு போடு” என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் கைப்பழக்கத்தில் முழுக்க ரீவைண்ட் செய்து முதலிலிருந்து போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்தாள். விண்வெளி நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் போதகர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் ஊரிலிருந்து வந்ததும் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தாள். அவர் வந்த அன்று ஜெஸ்லினுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் அடக்கம்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஜோஷ்வா போட்டோக்களைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வி.சி.ஆரை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். கேசட்டுகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு, ஆணி அடித்து, படுக்கை அறைப் பரணில் ஏற்றினார். “இனி அவ பேர எடுக்காத செல்வி. என்னால தாங்க முடியாது” என்றார். அவள் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஜாய்லின் பிறந்தாள். பெட்டியின் பேச்சும் எழவில்லை.

“ஏட்டி செல்வி! ஏணியக் கொஞ்சம் பிடி.”

பிடித்தாள். பெட்டி இறங்கியது. ஜோஷ்வா அதன் மேலிருந்த தூசியைத் தன் புதுச் சட்டையாலேயே துடைத்தார்.

“இன்னைக்கே கொடுக்கணுமா?” என்றாள்.

“பின்னே? நன்றி, ஜோஷ்வா, சங்கரன்கோவில்னு தியேட்டர்ல எழுத்து வரப்போவுதுட்டி! ராமசுப்பு குருவிகுளத்துலருந்து வி.சி.ஆர். மெஷின் கொண்டுட்டு வாரான். எல்லாரும் ஒருக்கப் பாத்துட்டுத்தான் அனுப்புதோம்.”

“இங்க பாருங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“பொறவு சொல்லு. கடையில ஃப்ளெக்ஸ் கட்ட ஆள் வந்துருக்கு.”

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவள் ஏணியைப் பிடித்தபடியே நின்றாள்.

*

பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து ஜாய்லின் மத்தியானம் வந்து சேர்ந்தாள்.

“அப்பா ஸ்டேட்டஸ் பாத்தியாம்மா? காலையிலருந்து பதினேழு போட்டிருக்காங்க!” என்று சிரித்துக்கொண்டே பையை வீசியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். “என்னம்மா?”

ஞானசெல்வி சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷம் சுமந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜாய்லின் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா பாடுனது இந்தப் பெட்டிக்குள்ள இருக்கா?”

“ம்.”

“எத்தன தடவம்மா கேட்டிருக்கேன், அக்கா எப்பிடிப் பேசுவான்னு? நல்லாப் பேசுவான்னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிருவ.”

“அழுதுருவேன்னு பயந்துதாம் போனேன்.”

“அழுதா என்ன? வீட்டுல யாரும் அழவும் இல்ல, பேசவும் இல்ல. இந்த வீட்டுல இன்னொரு பிள்ள இருந்துச்சுன்னு எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு அத்தை.”

பிறந்த நாளிலிருந்து பார்க்காத அக்காவுக்காக அந்தப் பெண் ஏங்கியிருக்கிறாள் என்பதே ஞானசெல்விக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

“அப்பாட்ட சொல்லும்மா. அத்தன பேர் முன்னால மெஷின்ல போட்டு, அக்கா வந்து நின்னா அப்பா என்ன ஆவாங்க? நீ சொல்லலன்னா நான் சொல்லிருவேன்.”

“வேண்டாம். நானே போய்ச் சொல்லுதேன்.”

*

‘நாப்பத்தொண்ணு அண்ணாச்சியின் கோட்டைக்கு வருக வருக’ என்று ஃப்ளெக்ஸ் கடை வாசலை மறைத்துக்கொண்டு தொங்கியது. அதில் ராக்கெட்டைவிட ஜோஷ்வாவின் மீசை பெரிதாக இருந்தது.

மூன்று மணி வெயிலில் வியர்த்து வந்த மனைவியைப் பார்த்ததும் அவர் எழுந்து விசிறியை அவள் பக்கம் திருப்பினார். கடையில் வேறு யாரும் இல்லை. நல்ல நேரம்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“கடைசி எபிசோடு ஞாபகம் இருக்காட்டி ஒனக்கு?”

“இல்ல.”

“இளவேனில் சின்னக் கப்பல்ல தனியாப் போவா. ரேடியோ கோபுரம் பழுதாயிரும்லா, அதச் சரி பண்ண. பேசிக்கிட்டே போவா. பாதியில சத்தம் நின்னுரும். அதோட ‘தொடரும்’னு போட்டுட்டான்.” ஜோஷ்வா கல்லா மேஜையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். “அவ என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. திரும்பி வருவாளாப்பான்னு கேட்டா. அடுத்த வாரம் வந்துருவா மக்கான்னு சொன்னேன். அடுத்த வாரம் அந்த நேரத்துக்குச் சேலை விளம்பரம் போட்டான்.”

‘அவ.’ பெயர் இல்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பிள்ளை வந்தது இதுதான் முதல் தடவை. ஞானசெல்வி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டா. நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொன்னேன். தெரியாமலே போயிட்டா. படம் வரட்டும் செல்வி. மொத நாளே பாத்துட்டு, நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போயி அவட்ட சொல்லிட்டு வாரேன். அதுக்குத்தான் இம்புட்டு ஆட்டமும். ஊர்ல கேலி பண்ணுதாங்க, பண்ணட்டும்.”

இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

“என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்ல. எத்தன பேருக்குப் பிரியாணி சொல்லணும்னு கேக்க வந்தேன்.”

படியிறங்கும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

*

நான்கு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஆறு பேர் உடம்பில் ஒரே மாதிரி நீலப் பனியன், நெஞ்சில் ‘தூரகிரி’. மொட்டை போட்டவரும் வந்திருந்தார். டீ குடித்தார்கள், செல்பி எடுத்தார்கள். ஒருத்தர் மரப்பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உதவி இயக்குநர் ஷிரின் பானு கடையநல்லூர்ப் பெண்.

“எங்க வாப்பா கூட உக்காந்து பாத்த தொடர் அங்கிள் இது. இந்தப் படத்துல வேலை பாக்குறதுக்காகவே ரெண்டு படத்தை விட்டுட்டு வந்தேன்” என்றாள்.

திடீரென்று எல்லோரும் எழுந்து நின்று கையை நெஞ்சில் வைத்தார்கள். “தூரகிரி விழித்திருக்கிறது! நிலையத்தில் பதினொரு பேர்!” என்று ஒரே குரலில் முழங்கினார்கள். ஜோஷ்வாவின் குரல் மற்ற எல்லோரையும் மிஞ்சியது. அவர் கண் நிறைந்திருந்தது. ஜாய்லின் அம்மாவைப் பார்த்தாள். ஞானசெல்வி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ராமசுப்பு ஆணியைப் பிடுங்கினான். குருவிகுளத்தில் டி.வி. பழுது பார்க்கிறவன், பழைய கேசட் என்றால் அவனுக்கு அத்துப்படி. ஒன்பதாவது கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“அண்ணாச்சி, நாடா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூஞ்சை பிடிச்சிருக்கு. இதப் போட்டா மெஷின்ல ஒட்டிக்கிட்டு அறுந்துரும்.” கேசட்டைத் திருப்பினான். “ஆமா, பூட்டை உடைச்சுத்தான வச்சிருந்திய? குழி மேல என்ன செல்லோ டேப்பு?”

“டேப்பா? நான் ஒட்டலியே.”

“ஒட்டியிருக்கே. இதுக்கு மேல யாரோ பதிவு பண்ணியிருக்காங்க அண்ணாச்சி.”

ஜோஷ்வா மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“நாந்தான்” என்றாள் ஞானசெல்வி. “நாந்தாங்க ஒட்டினேன். காலி இடத்துலதான் போடச் சொன்னேன். அவன் மொதல்லருந்து போட்டுட்டான். அதுல ஒங்க எபிசோடு இல்ல. ஓய்வுநாள் பாடசாலை ஆண்டு விழாதான் இருக்கு.”

நீலப் பனியன்காரர்களில் ஒருத்தர் “ஐயோ” என்று தலையில் கை வைத்தார். கத்துவார், கேசட்டைச் சுவரில் எறிவார், இத்தனை பேர் முன்னால் தன்னைக் கேவலப்படுத்துவார் என்று அவள் எல்லாவற்றுக்கும் தயாராகத் தலை குனிந்து நின்றாள்.

“ஆண்டு விழாவா?” என்று கேட்டார் ஜோஷ்வா. “ஜெஸ்லின் பாடுனாளே, அந்த விழாவா?”

அவள் தலையாட்டினாள்.

“அதுல ஜெஸ்லின் பாடுதாளா?”

“பாடுதா.”

ஜோஷ்வா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராமசுப்பு பிடிக்கப் போனான், கையைத் தட்டிவிட்டார்.

“எபிசோடு போனாப் போவுது, சவத்த” என்றார். “ஏட்டி, எனக்கு அவ சத்தம் மறந்துபோச்சு. அடக்கம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆவுறதுக்குள்ளயே மறந்துட்டு. மொகம் இருக்கு. என்ன கேட்டா, என்ன சொன்னா எல்லாம் இருக்கு. சத்தம் மட்டும் இல்ல. பெத்த அப்பனுக்கு மறந்துபோச்சுன்னு ஒன்ட்ட எப்பிடிச் சொல்ல? அந்த வெக்கத்துலதான் பேரயே எடுக்கக் கூடாதுன்னேன். நீ பேசினா நானும் பேசணும்லா? அவ சத்தத்த என் தலைக்கு மேல வச்சுக்கிட்டு, பக்கத்துலயே படுத்திருந்திருக்கியே!”

“நீங்கதான சொன்னீய, பேர எடுக்காதன்னு…”

“சொன்னேன். நான் என்ன கல்லா? ஒரு நாளாவது மீறி இருக்கக் கூடாதா நீ?”

வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்தார்கள். ஞானசெல்விக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் பயந்தது ஒரு டி.வி. தொடருக்காக. அவருடைய பிள்ளையின் குரலையே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஷிரின் பானு ஜோஷ்வாவின் முன்னால் மண்டியிட்டாள்.

“அங்கிள், சென்னையில நாங்க பாத்து வச்சிருக்கிற லேப்ல பூஞ்சையைச் சுத்தம் பண்ணுவாங்க. உறுதியா வரும்னு சொல்ல மாட்டேன். பாதி வரலாம், ஒண்ணுமே வராமலும் போகலாம். எபிசோடு இல்லைன்னா என்ன? நான் கொண்டுபோறேன்.”

“படத்துக்கு என்ன பண்ணுவிய?”

“எங்க டைரக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

ஆறரை மணிக்கு ஜோஷ்வா கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். பிரியாணி அண்டா மூடி திறக்காமலே கிடந்தது.

“நானும் வாரேங்க” என்றாள் ஞானசெல்வி.

“வேண்டாம்.” அவளைப் பார்க்காமலேதான் சொன்னார்.

*

ஏழு மணி தாண்டி பொதிகை கூவிவிட்டுப் போனது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம். அரை மணி நேரமாகியும் பைக் வரவில்லை. ஜாய்லின் இரண்டு தடவை தெருவில் போய் நின்றுவிட்டு வந்தாள்.

போன் அடித்தது. ராமசுப்பு.

“மைனி… அண்ணாச்சி ரயில்ல ஏறிட்டாரு.”

“ஏறிட்டாரா? எங்க?”

“சென்னைக்குத்தான். அந்தப் பிள்ளைட்ட கேசட்டக் கொடுத்துட்டு இறங்கி என் பக்கத்துலதாம் நின்னாரு. வண்டி நகந்துச்சு. பைக் சாவியும் கடைச் சாவியும் என் கையில திணிச்சுட்டு ஓடிப்போயி ஏறிட்டாரு. டிக்கெட் கிடையாது, மாத்துத் துணி கிடையாது.”

“எப்ப வருவேன்னு சொன்னாரா? என்ட்ட ஏதும் சொல்லச் சொன்னாரா?”

ராமசுப்பு மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று ஞானசெல்விக்குப் புரிந்தது.

“ஒங்களுக்குன்னு ஒண்ணும் சொல்லல மைனி. ஏன் அண்ணாச்சின்னு கத்தினேன். வாசப்படியில நின்னுக்கிட்டு, ஏழு வயசுப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் எப்பிடிலே தனியா அனுப்பன்னு கேட்டாரு.”